ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சகல!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு போன் அடித்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். யாரோ தவறிவிட்டார். அல்லது யாருடைய கம்ப்யூட்டரோ தவறிவிட்டது.

"சகல, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு!" என்றார் கரையான்சாவடியிலிருந்து என் சகலை.

"எப்போ?"

"தெரியலையே. நேத்து ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பாட்டுகூட பாடிச்சு. காலைல எழுந்து பார்த்தா, மூச்சுப் பேச்சு இல்லை."

இதற்கு மேல் டெத் சர்ட்டிஃபிகேட்தான் பாக்கி.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. என்றோ ஒருநாள் ஆபீசில் பிரின்டருக்குள் மாட்டிக்கொண்ட பேப்பரை எல்லார் முன்னாலும் கிழியாமல் உருவினேன். அன்று பிடித்தது. "அவருக்கு கம்ப்யூட்டர் தெரியும்" என்று ஊர் சொல்லிவிட்டது. உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருவர் இருப்பார். இதைப் படிக்கிற நீங்களே அந்த ஆளாகவும் இருக்கலாம். அப்படியென்றால் கையைக் கொடுங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

அம்பத்தூரிலிருந்து வண்டியை எடுத்து ஆவடி, பருத்திப்பட்டு வழியாக கரையான்சாவடி போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டருக்கு மாலை போடாத குறையாகக் குடும்பமே சுற்றி நின்றது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் போர்டில் ஒரு ஓட்டை காலி. பிளக் தரையில் கிடந்தது. முந்தின இரவு மாவு ஆட்டுவதற்காக யாரோ கம்ப்யூட்டரைப் பிடுங்கி கிரைண்டரைச் சொருகியிருக்கிறார்கள். மாவு ஆட்டியாயிற்று. கிரைண்டரைப் பிடுங்கியாயிற்று. கம்ப்யூட்டரைச் சொருக மறந்தாயிற்று.

சொருகினேன். உயிர் வந்தது. நாலு விநாடி ரிப்பேர். அந்த மாவில் சுட்ட இட்லிதான் ஃபீஸ். ஆறு.

* * *

சிரிக்காதீர்கள். ரிப்பேரின் முதல் விதியே இதில்தான் இருக்கிறது. சுவரிலிருந்து தொடங்கி உள்ளே போ. சுவர் பிளக்கில் கரன்ட் வருகிறதா? எக்ஸ்டென்ஷன் போர்டு ஆன் ஆகியிருக்கிறதா? யு.பி.எஸ். விளக்கு எரிகிறதா? சி.பி.யு.வின் முதுகில் இருக்கும் பவர் கேபிள் ஆடுகிறதா? அதற்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்திருக்கலாம். மானிட்டருக்குத் தனி கரன்ட், தனி சுவிட்ச் என்பதும் பலருக்கு ஞாபகம் வருவதில்லை. இத்தனையும் பார்த்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டும்.

லேப்டாப் அசையவில்லையா? சார்ஜரைக் கழற்றுங்கள். பாட்டரி கழற்றுகிற மாடலாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மிச்சசொச்ச மின்சாரம் வடியும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் போட்டுப் பாருங்கள். 'போயே போச்சு' என்று சொல்லப்பட்ட லேப்டாப்கள் இப்படி எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வைத்தியம் உங்களுக்கே தெரியும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. உலகம் பூராவும் கேலி செய்யப்படும் வைத்தியம் இது. ஆனால் பலிக்கிறதே, ஏன்? கம்ப்யூட்டர் ஓட ஓட அதன் தற்காலிக ஞாபகத்தில் குப்பை சேருகிறது. ஒரு புரோகிராம் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும், அது இதற்காகக் காத்திருக்கும். வரதட்சணைப் பேச்சு மாதிரி, யாரும் முதலில் வாய் திறப்பதில்லை. கரன்ட்டை எடுத்தால் அந்த ஞாபகம் மொத்தமும் அழிகிறது. எல்லாரும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தகராறு மறந்துபோகிறது. (மனிதர்களுக்கு இந்த வசதி இல்லை.)

2024 ஜூலை 19, ஒரு வெள்ளிக்கிழமை. கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன யோசனைகளில் ஒன்று என்ன தெரியுமா? ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரு தடவையில் சரியாகாவிட்டால் திரும்பத் திரும்பப் பண்ணுங்கள், பதினைந்து தடவை வரை தேவைப்படலாம்! நம் சகலைக்கு நாம் சொல்கிற அதே வைத்தியம். என்ன, அவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

இதில் ஒரு சூட்சுமம். 2012இல் வந்த விண்டோஸ் 8-லிருந்து 'ஷட்டவுன்' கொடுத்தால் அனேகக் கம்ப்யூட்டர்கள் முழுசாக அணைவதில்லை. அடுத்த நாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காக நிலவரத்தில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகின்றன. அதனால் நேற்றைய தகராறு இன்றைக்கும் தொடரலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழு ஸ்நானம். "தினமும் ஷட்டவுன் பண்றேனே சார், அப்புறம் ஏன் மக்கர் பண்ணுது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

* * *

எனக்கு இந்த வித்தையில் ஒரு குரு உண்டு. ஆவடியில், மாடிப்படிக்குக் கீழே ஆறுக்கு எட்டு அடியில் கடை. உள்ளே அவர் உட்கார்ந்தால் கஸ்டமர் வெளியே நிற்க வேண்டும். கஸ்டமர் உட்கார்ந்தால் அவர் வெளியே. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் எந்த ஸ்பேர் அசல், எது டூப்ளிகேட் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயுதங்கள் நாலே நாலு. ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு பென்சில் ரப்பர், ஒரு நாற்பது பக்க நோட்டு.

யார் எந்த மெஷினைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"கடைசியா என்ன மாத்துனீங்க?"

எல்லாரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான்.

"ஒண்ணுமே பண்ணலையே சார்!"

குரு சிரிப்பார். டீ சொல்லுவார். டீ வருவதற்குள் உண்மை வரும். "போன வாரம் புது பிரின்டர் வாங்கினேன்." "பையன் ஏதோ கேம் போட்டான்." "கேபினெட்டைத் துடைக்க ஒரே ஒரு தடவை திறந்தேன் சார்."

நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. மாறியது எது என்று தெரிந்தால் பாதி ரிப்பேர் முடிந்தது.

மீதிப் பாதிக்கு அவர் வைத்திருக்கும் முறை, பாதிப் பாதியாக வெட்டுவது. ஆயிரம் பேரில் ஒரு திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவராக விசாரித்தால் ஆயிரம் கேள்வி. 'இந்தப் பக்கம் ஐந்நூறு பேரில் இருக்கிறானா?' என்று கேட்டு, இல்லாத பாதியை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே போனால் பத்தே கேள்வியில் ஆள் மாட்டுவான்.

இன்டர்நெட் வரவில்லையா? போனின் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்துப் பாருங்கள். வந்தால் கம்ப்யூட்டர் நிரபராதி. திருடன் ரௌட்டர் பக்கம் இருக்கிறான். லேப்டாப் திரை இருட்டா? ஒரு கேபிள் போட்டு டி.வி.யில் மாட்டுங்கள். டி.வி.யில் படம் தெரிந்தால் லேப்டாப்பின் மூளை நன்றாக இருக்கிறது, முகத்தில்தான் கோளாறு. இப்படி ஒரு கேள்வி கேட்காமல் "மதர்போர்டு போயிடுச்சு, எட்டாயிரம் ஆகும்" என்று ஒருவர் சொன்னால், போயிருப்பது மதர்போர்டாக இல்லாமல் இருக்கலாம்.

அடுத்த விதி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ராமையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, விண்டோஸையும் திரும்பப் போட்டால் மெஷின் ஓடலாம். எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே நோய் வந்தால் மறுபடி 'ஆ'னா 'ஆவன்னா'.

செய்ததை எல்லாம் நோட்டில் எழுதி வைப்பார். இதற்கு ஒரு பெரிய பாரம்பரியம் உண்டு. 1947இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மார்க்-2 என்று ஒரு ராட்சசக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. தேடிப் பார்த்தால் ஒரு ரிலேவுக்குள் அந்துப்பூச்சி செத்துக் கிடந்தது. அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதினார்கள். கம்ப்யூட்டர் கோளாறுக்கு 'பக்' என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். அது முழு உண்மை அல்ல. எடிசன் காலத்திலேயே எந்திரக் கோளாறுக்கு அந்த வார்த்தை புழங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சியும் நிஜம், அந்த நோட்டும் நிஜம்.

"நமக்குப் பூச்சி இல்லை சார், பல்லி" என்றார் குரு. நம் பக்கத்தில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் கதகதப்புக்காக உள்ளே போய் உட்கார்ந்து, இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொட்டு, தானும் போய் மெஷினையும் கூட்டிக்கொண்டு போய்விடும். பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் விழுந்தால் என்ன பலன் என்பது குருவின் நோட்டில் இருக்கிறது. தனச் சேதம்.

* * *

அந்த நோட்டிலிருந்து சில கேஸ்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. தினமும் காலையில் ஜி.எஸ்.டி. வெப்சைட் திறக்காது. பாங்க் வெப்சைட்டும் திறக்காது. 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று கம்ப்யூட்டர் மிரட்டும். கேபிள்காரனை மாற்றினார்கள். ரௌட்டரை மாற்றினார்கள். விண்டோஸையே இரண்டு தடவை திரும்பப் போட்டார்கள். அக்கவுன்டன்ட் பையனை மாற்றுவது பற்றி யோசனையில் இருந்தபோது குருவைக் கூப்பிட்டார்கள். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

"நைட்டு மெயின் சுவிட்சை யாராவது ஆஃப் பண்றாங்களா?"

"வாட்ச்மேன் பண்ணுவாரு. சேஃப்டிக்கு."

திரையின் வலது கீழ் மூலையைக் காட்டினார். தேதி: 2012 ஜனவரி 1.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு வெள்ளி நிற பாட்டரி இருக்கும். சி.ஆர்.2032 என்று பெயர். மூன்று வோல்ட். கரன்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில வருஷத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்தபின் மெயினை அணைத்தால் கடிகாரம் பிறந்த தேதிக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு பாதுகாப்பான வெப்சைட்டுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சர்ட்டிஃபிகேட் உண்டு. 2012இல் வாழும் கம்ப்யூட்டருக்கு அந்த சர்ட்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் 'நம்பாதே' என்கிறது. நியாயம்தானே? விண்டோஸை இருபது தடவை போட்டாலும் பாட்டரி நிறையாது. டீ, வடை செலவில் ஒரு பாட்டரி வாங்கிப் போட்டார்கள். பையனின் வேலை தப்பியது.

இன்னொன்று. போட்டதும் திரையில் ஒன்றும் வராமல் 'பீப்... பீப்...' என்று அலறும் டெஸ்க்டாப். பாதி நேரம் அது ராமின் ஓலம். கரன்ட்டைப் பிடுங்குங்கள். கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொடுங்கள். உங்கள் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் சில்லுக்குப் போகாமல் இருப்பதற்காக. இரண்டு பக்கக் கொண்டிகளையும் விலக்கி, ராமைக் கழற்றி, தங்க நிறக் காலை பென்சில் ரப்பரால் மெல்லத் துடையுங்கள். தூளை ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். பிறகு 'டக்' என்று சத்தம் வரும் வரை அழுத்தி மாட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அந்தக் காலில் படியும் அழுக்குதான் பல சாவுகளுக்குக் காரணம்.

இருபது நிமிஷம் ஓடி, தானாக அணைந்துவிடுகிறதா? சூடு. ஃபேனில் தூசி அடைத்திருக்கும். எஸ்டேட் பக்கம் என்றால் தூசியோடு இரும்புத் தூளும் சேரும். இரும்புத் தூள் கரன்ட்டைக் கடத்தும் என்பதால் டபுள் ஆபத்து. பிளோயரால் ஊதலாம். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், ராட்டினம் மாதிரி சுற்ற விடாதீர்கள்.

பிரின்டருக்கு ஒரு பக்கம் அனுப்பினீர்கள், வரவில்லை. மறுபடி அனுப்பினீர்கள். கோபத்தில் பதினேழு தடவை அனுப்பினீர்கள். முதல் ஃபைல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, மற்ற பதினாறும் ரேஷன் கடை மாதிரி பின்னால் நிற்கின்றன. சர்வீசஸ் பட்டியலில் 'பிரின்ட் ஸ்பூலர்' என்று இருப்பதை நிறுத்தி, க்யூவைக் காலி செய்து, மறுபடி தொடங்குங்கள். காலி செய்யாமல் தொடங்கினால் பதினேழு காப்பி வரும். மானேஜர் பார்ப்பார்.

"ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்" என்பது ஜலதோஷம் மாதிரி, எல்லாருக்கும் வருவது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கு வரும். 'டிஸ்க்' என்ற கட்டத்தில் எப்போதும் நூறு சதவீதம் என்றிருந்தால் குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க். அது நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு. ஒரு ஃபைலைத் தேட ஊசி இங்கும் அங்கும் ஓட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. தேடும் நேரம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அந்த லேப்டாப்கள் இன்னமும் ஆவடிக்கு ரிப்பேருக்கு வருகின்றன. அக்கா படித்து, தம்பி படித்து, இப்போது அக்காவின் பெண் படம் வரைகிறாள். குரு அதில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றையும் போட்டுக் கொடுக்கிறார். அந்த லேப்டாப்களில் அப்போதே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் கூடவே வந்தது, நாம்தான் எட்டிப் பார்க்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றன. விண்டோஸ் 11 போட முடியாத பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் காயலான் கடைக்குப் போவதற்கு முன் இந்த வழியை ஒருமுறை யோசிக்கலாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. திரை முழுக்கச் சிவப்பாக, 'வைரஸ்! உடனே இந்த நம்பருக்கு போன் செய்யவும்' என்று வந்தால் போன் செய்யாதீர்கள். அதுதான் வைரஸ். பிரௌசரை மூடுங்கள், மூடாவிட்டால் நம் பழைய வைத்தியம், ஆஃப். முன்பின் தெரியாதவர் சொல்லி, அவர் உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் எந்த சாஃப்ட்வேரையும் போடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள்.

* * *

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் எழுதப்போவது கொஞ்சம் கஷ்டம்.

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல். சென்னையே மிதந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏகப்பட்ட பட்டறைகளுக்குள் தண்ணீர். எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு லேத், மூன்று ஆட்கள், மேஜைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர். பதினோரு வருஷக் கணக்கும் டிராயிங்குகளும் அதில். யார் எவ்வளவு பாக்கி என்பதும் அதில்.

தண்ணீர் வடிந்த அன்று எனக்கு போன் செய்தார். நான் பால் பாக்கெட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் இருபது பேர், பால் தீர்ந்துவிடுமோ என்ற கவலை.

"சார், சி.பி.யு. முழுகிப்போச்சு. என்ன பண்றது?"

"ஃபேனுக்குக் கீழே ரெண்டு நாள் காய வைங்க. அப்புறம் போட்டுப் பாருங்க" என்றேன்.

காய வைத்தார். போட்டுப் பார்த்தார். 'பட்' என்று ஒரு சத்தம், புகை. ஆவடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குரு ஹார்டு டிஸ்கைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்து போர்டு கருகியிருந்தது. பெரும்பாலான ஹார்டு டிஸ்குகளில் காற்றழுத்தம் சமன் ஆவதற்காக ஊசித்துளை மாதிரி ஒரு மூச்சுத்துளை உண்டு. முழுகும்போது அதன் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த நிலையில் தட்டு சுற்றியதும் ஊசி உழுதுவிட்டது.

"போடாம அப்படியே கொண்டு வந்திருந்தா, டேட்டா எடுக்கிற லேபுக்கு அனுப்பியிருக்கலாம். அவங்க சுத்தமான ரூம்ல திறந்து, கழுவி எடுத்திருப்பாங்க" என்றார் குரு. பிறகு கேட்டார். "யாரு சார் போட்டுப் பார்க்கச் சொன்னது?"

பட்டறைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நானாத்தான் போட்டேன் சார்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளத் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. சேறு, உப்பு, சாக்கடை. வெளியே காய்ந்தாலும் உள்ளே படிந்த உப்பு கரன்ட்டைக் கடத்தும், செம்பை அரிக்கும். அதனால், முழுகிய எதையும் போட்டுப் பார்க்கவே கூடாது. மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். லேப்டாப் என்றால் பாட்டரியைப் பிரிக்க வேண்டும். போர்டுகளைத் தெரிந்தவர்கள் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவுவார்கள். ஹார்டு டிஸ்கை வெயிலில் காயவைக்கக்கூட வேண்டாம், காய்ந்த சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி லேபுக்கு அனுப்ப வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் அரிசிதான் கெடும். இத்தனையும் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல ஒரு விநாடி போதும். 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று பெயர் எடுத்தவனுக்கு அந்த ஒரு விநாடிதான் கிடைப்பதில்லை.

பட்டறைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? டி.வி.எஸ். மொபெட்டை எடுத்துக்கொண்டு பாடி, திருமுல்லைவாயில், பூந்தமல்லி என்று கஸ்டமர் கஸ்டமராகப் போனார். மொத்தம் பதினாலு பேர். "என் கணக்கு வெள்ளத்துல போயிடுச்சு. நீங்க எனக்கு எவ்வளவு தரணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்.

பதினோரு பேர் தங்கள் நோட்டைப் புரட்டி, சரியான தொகையைச் சொன்னார்கள். ஒருவர், இவர் மறந்தே போயிருந்த ஒரு பழைய பில்லை ஞாபகப்படுத்தி, அதையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு பேர் மட்டும், "பில் இருந்தா குடுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்றார்கள். அந்த இரண்டு பேரின் பாக்கிதான் பெரிசு.

"பரவால்ல சார். பதினாலுல பன்னெண்டு பேக்கப் வேலை செஞ்சுதே" என்றார் என்னிடம். அவர் ஜோக்குக்காகச் சொல்லவில்லை.

* * *

இப்போது அவரிடம் ஒரு முறை இருக்கிறது. மூன்று, இரண்டு, ஒன்று என்பார்கள். ஃபைல் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். அவருடைய கணக்கு கம்ப்யூட்டரில் ஒன்று, மேஜைக்கு மேலே பரணில் ஒரு வெளி டிஸ்கில் ஒன்று, திருத்தணியில் மச்சான் வீட்டு பீரோவில் பென் டிரைவில் ஒன்று. மாதாமாதம் திருத்தணிக்குப் போனால் முருகன் தரிசனமும் ஆச்சு, பேக்கப்பும் ஆச்சு. எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று ஒரு ஃபைலையாவது திறந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார். திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத சில்லறை மாதிரி. கம்ப்யூட்டரும் இப்போது மேஜைக்கு அடியில் இல்லை, மேலே ஏறிவிட்டது.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி எனக்கு போன் வருகிறது.

"பேக்கப் எடுத்துட்டேன் சார். நீங்க எடுத்தீங்களா?"

அன்று ஆவடிக் கடையில் நான் திறக்காத வாயை இங்கே திறந்துவிட்டேன். அவர் இந்தப் பத்திரிகை படிப்பவர். படித்துவிட்டு போன் செய்வார், "எதுக்கு சார் அதெல்லாம் எழுதிக்கிட்டு" என்பார். பிறகு அந்த இன்னொரு கேள்வியையும் கேட்பார்.

போன ஒன்றாம் தேதி, "ஓ, எடுத்துட்டேனே!" என்று சொல்லியிருக்கிறேன். எடுக்கவில்லை. இந்தக் கட்டுரைகூட இப்போதைக்கு ஒரே ஒரு காப்பிதான் இருக்கிறது. டைப் அடித்து முடித்ததும் முதல் வேலை அதுதான்.

அதற்குள் வீட்டில் யாரும் கிரைண்டர் போடாமல் இருக்க வேண்டும்.